கோட்டின் மேல் கோடு

விசயதசமி நாளன்று தட்டில் அரிசியைப் பரப்பி, பெரியவர் ஒருவர் முதலில் 'அ' என்று எழுத, அவ்வெழுத்தின் மேலேயே குழந்தையின் விரலைப் பிடித்து மீண்டும் மீண்டும் எழுதுவிப்பது நம் வழக்கம். ஊரை விட்டு வந்து மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியேறிய பின்னரும் இவ்வழக்கத்தை நாம் கைவிட்டோமில்லை. அங்ஙனம் மேலெழுதும் குழந்தையைப் பார்த்து, "இது பிறர் எழுத்தைத் திருடுகிறது" என்று எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் வளர்ந்த சித்திரக்காரர் ஒருவர், ஒரு படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடிழுத்தாரானால், "இதில் என்ன கலை இருக்கிறது?" என்று உடனே கேட்டுவிடுகிறோம்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கேமராவில் எடுத்த படச்சுருளின் மேல் ஒவ்வொரு சட்டமாகக் கோடிழுத்து, அக்கோடுகளைக் கொண்டே உயிருள்ள சித்திரப்படத்தை உருவாக்கும் முறைக்கு 'ரோட்டாஸ்கோப்' என்று பெயர். அம்முறை எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, அதில் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது என்பவற்றை இங்கே காண்போம்.

அசைவைக் கண்ணால் கண்டு கையால் வரைவது எளிதன்று. ஓடும் குதிரையை ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வரைந்து வந்தனர். முன்கால்கள் முன்னே நீள, பின்கால்கள் பின்னே நீள, குதிரை வானில் மிதப்பது போல் அவர்கள் வரைந்தனர். 1878-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்புவது உண்மைதான். ஆனால் அது கால்கள் விரிந்திருக்கும்போது நிகழ்வதில்லை, வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும்போதே நிகழ்கிறது என்பதை அப்படங்கள் காட்டின. தேர்ந்த கண்ணும் அசைவின் முன் ஏமாறும் என்பது அன்று வெளிப்பட்டது.

சினிமா தோன்றியபின், சித்திரங்களையே அசையச் செய்யும் முயற்சி எழுந்தது. வின்ஸர் மெக்கே என்பவர் 1914-இல் 'கெர்ட்டி' என்னும் தொல்விலங்கைத் திரையில் நடமாட விட்டார். அதற்கெனத் தாள்களில் ஆயிரக்கணக்கான சித்திரங்களை அவர் தம் கையாலேயே வரைந்தார். பின்னணியில் உள்ள மலையும் நீர்நிலையும் ஒவ்வொரு தாளிலும் மாறாமல் இருக்கவேண்டும் அல்லவா? அவற்றைத் தாள்தோறும் மேல்கோடிட்டவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற உதவியாளர். மெக்கேயின் பெயரை உலகம் அறியும். அந்த இளைஞரின் பெயரை ஆராய்ச்சியாளர்களே அறிவர். கோட்டின் மேல் கோடிடுபவரின் நிலை தொடக்க முதலே இவ்வாறுதான் இருந்தது.

அக்காலத்துச் சித்திரப்படங்கள் பல, விறைத்த அசைவு உடையனவாக இருந்தன. இக்குறையை எந்திரத்தின் துணையால் நீக்க முடியும் என்று கருதியவர் மாக்ஸ் ஃபிளெய்ஷர். 1883-இல், இன்று போலந்து நாட்டில் உள்ள கிராக்கோவ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறியவர் அவர். அறிவியலை எளிய மொழியில் விளக்கும் திங்களிதழ் ஒன்றில் சித்திரப் பகுதியின் ஆசிரியராக அவர் பணியாற்றி வந்தார். சித்திரம், எந்திரம் ஆகிய இரண்டிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது.

அவர் அமைத்த கருவியின் அமைப்பு மிகவும் எளியது. சாய்ந்த வரைபலகையில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, அவ்விடத்தில் கண்ணாடி பதிக்கப்பட்டது. பலகைக்குப் பின்னால் படம் காட்டும் எந்திரம் ஒன்று நிறுத்தப்பட்டது. முன்பே எடுக்கப்பட்ட படச்சுருளின் ஒரே ஒரு சட்டம் கண்ணாடியில் ஒளியாக விழும். அதன் மேல் தாளை வைத்து, தெரியும் உருவத்தின் வரம்பைச் சித்திரக்காரர் கோடிடுவார். பின்னர்ப் படச்சுருளை ஒரு சட்டம் நகர்த்துவார், புதிய தாளை வைப்பார், மீண்டும் கோடிடுவார். இவ்வாறு வரைந்த தாள்கள் யாவும் ஒவ்வொன்றாகக் கேமராவின் முன் வைத்துப் படமாக்கப்பட்டன. பேசாப்படக் காலத்தில் வினாடிக்குப் பதினாறு சட்டங்கள் என்று கொண்டால், ஒரு நிமிடப் படத்திற்கு 960 சித்திரங்கள் தேவை. பேசும்படம் வந்து வினாடிக்கு 24 சட்டங்கள் ஆனபின், அதுவே 1,440 ஆயிற்று.

இக்கருவிக்கு 1915-ஆம் ஆண்டு டிசம்பரில் மாக்ஸ் காப்புரிமை கோரினார். 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் அது அவருக்கு வழங்கப்பட்டது. சோதனைப் படத்திற்கு உருவம் தேவைப்பட்டபோது, அவருடைய தம்பி டேவ் கோமாளி உடை அணிந்து கேமராவின் முன் துள்ளியாடினார். அந்த ஆட்டத்தைச் சட்டம் சட்டமாகக் கோடிட்டு எடுத்ததிலிருந்து பிறந்தவனே பிற்காலத்தில் 'கோக்கோ' என்று பெயர் பெற்ற கோமாளி. மைக்கூட்டிலிருந்து குதித்தெழுந்து, தன்னை வரைந்தவரோடு சண்டையிட்டு, மீண்டும் மைக்குள் மறையும் அவன், அமெரிக்கத் திரையரங்குகளில் பெரும் புகழ் பெற்றான். காப்புரிமை அண்ணனுடையது, அசைவு தம்பியுடையது, ஆயினும் திரையில் தெரிந்தவன் இருவரும் அல்லாத மூன்றாமவன்.

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எந்திரம் காட்டுகிறது, கை கோடிடுகிறது என்றால் சித்திரக்காரருக்கு அங்கே என்ன வேலை? இதற்கு விடை, கோடிட்டுப் பார்த்தவர்க்கே புலப்படும். புகைப்படத்தில் வரம்புக்கோடு என்ற ஒன்று கிடையாது. ஒளியும் நிழலும் மட்டுமே உண்டு. எங்கே கோடு போடுவது என்பதைக் கைதான் முடிவு செய்யவேண்டும். சட்டையின் நூறு மடிப்புகளில் எந்த மூன்றைக் காட்டுவது, எவற்றை விடுவது? முதல் சட்டத்தில் காட்டிய மடிப்பை அடுத்த சட்டத்தில் விட்டுவிட்டால் திரையில் கோடு நடுங்கும். எல்லாவற்றையும் காட்டினாலோ, உருவம் கனத்துப் பொம்மை போலாகும். எதை விடுவது என்று அறிவதே இத்தொழிலின் பாதிக் கல்வி.

அப்பாடத்தை உலகுக்குத் தெளிவாக உணர்த்தியது, வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'ஸ்னோ ஒயிட்' திரைப்படம். ஃபிளெய்ஷரின் காப்புரிமை, அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி பதினேழு ஆண்டுகள் கழிந்து 1934-இல் முடிவுற்றது. ஸ்னோ ஒயிட் 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. அதன் கதாநாயகிக்காக, மார்ஜரி பெல்ச்சர் என்ற இளம் நாட்டியப் பெண் கேமராவின் முன் நடந்தார், ஆடினார், பாவாடையை ஏந்திச் சுழன்றார். அந்தப் படச்சுருளைச் சித்திரக்காரர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். ஆனால் உள்ளபடியே கோடிட்டபோது கதாநாயகியின் உருவம் அவ்வுலகத்தோடு பொருந்தவில்லை. குள்ளர்களின் பெரிய தலைகளுக்கு அருகே மனிதத் தலை சிறுத்துத் தோன்றியது. மார்ஜரியின் தலை பெரிதாகத் தெரியும்பொருட்டுத் தலைக்கவசம் ஒன்றை அணிவித்துப் பார்த்ததாகவும், அது ஒத்துவராமல் கைவிடப்பட்டதாகவும் அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். முடிவில், அசைவை மட்டும் படச்சுருளிலிருந்து பெற்றுக்கொண்டு, தலையையும் கண்ணையும் இடையையும் சித்திரக்காரர்கள் தம் மதிப்பின்படி மாற்றி வரைந்தனர்.

மார்ஜரிக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர் கூலி தரப்பட்டது. திரையில் ஓடிய பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. மார்ஜ் சாம்பியன் என்ற பெயரில் பின்னாளில் அவர் புகழ்பெற்ற நாட்டியக் கலைஞராக விளங்கினார். நூற்றொரு வயது வாழ்ந்து 2020-இல் அவர் மறைந்தபோது, தம் தாத்தாவும் பாட்டியும் சிறுவயதில் கண்ட அந்தச் சித்திரப் பெண்ணுக்கு அசைவு தந்தவர் இவர் என்பதைப் பலர் அன்றுதான் முதன்முதலாக அறிந்தனர்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1932-இல் ஃபிளெய்ஷர் நிறுவனம் 'மின்னி தி மூச்சர்' என்னும் குறும்படத்தை வெளியிட்டது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் புகழ்பெற்றிருந்த கறுப்பினப் பாடகர் கேப் காலோவே, தம் இசைக்குழுவோடு படத்தின் தொடக்கத்தில் நேரடியாகவே தோன்றுகிறார். வழுக்கிச் செல்லும் அவருடைய விந்தை நடையைக் காண்கிறோம். பின்னர்ச் சித்திர உலகில், குகை ஒன்றினுள், வால்ரஸ் போன்ற பேயுரு ஒன்று அதே நடையோடு ஆடிப் பாடுகிறது. அவ்வடிவம் காலோவேயின் படச்சுருளின் மேல் கோடிட்டு எடுக்கப்பட்டது. கறுப்பினத்தார் வெள்ளையரோடு சமமாக அமர்ந்து உண்ணவும் இயலாத காலம் அது. இருந்தும் அந்தப் படத்தில் அவருடைய பெயரும் முகமும் முதலிலேயே காட்டப்பட்டன. எவருடைய உடலிலிருந்து அசைவு வந்தது என்பது மறைக்கப்படாததால், பேயுருவின் ஆட்டத்தை நாம் இன்று பார்க்கும்போது ஒரு மனிதரையும் உடன் காண்கிறோம்.

ஆடியவர்களைப் பற்றிச் சொன்னோம். கோடிட்ட கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1937-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கிலிருந்த ஃபிளெய்ஷர் நிறுவனத்தின் சித்திரப் பணியாளர்கள் ஊதியமும் வேலை நேரமும் சங்க உரிமையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அது ஐந்து மாதம் நீடித்து அக்டோபரில் முடிந்தது. இடைச்சித்திரங்களை வரைந்தும் மையிட்டும் வண்ணம் தீட்டியும் வந்த பணியாளர்கள், தாங்களும் இப்படங்களின் ஆக்கத்தில் பங்குடையவர்களே என்று வீதியில் நின்று சொன்ன நிகழ்ச்சி அது. மறு ஆண்டில் நிறுவனம் தெற்கே மயாமி நகருக்குப் பெயர்ந்தது.

அங்கே உருவாகி 1939-இல் வெளிவந்த 'கல்லிவர் யாத்திரை' வானொலி நேயர்களாகிய நமக்குச் சற்றுச் சுவையூட்டும். கல்லிவருக்குக் குரல் கொடுத்தவரும், கேமராவின் முன் நடித்து வடிவம் கொடுத்தவரும் சாம் பார்க்கர் என்னும் வானொலி அறிவிப்பாளரே. குரல் மட்டுமே கேட்டுப் பழகிய ஒருவருடைய நடையும் கையசைவும் அங்கே கோடுகளாயின. அப்படத்தில் கல்லிவர் ரோட்டாஸ்கோப் முறையில் வரையப்பட்டவர். லில்லிபுட் தீவின் குட்டி மனிதர்கள் பெரும்பாலும் கற்பனையால் வரையப்பட்டவர்கள். ஆகவே இரண்டு உலகங்கள் ஒரே திரையில் உலவுவது போலத் தோன்றுகிறது. கதைக்கு இது பொருத்தமே என்று கூறுவாரும் உண்டு. ஒட்டவில்லை என்று கூறுவாரும் உண்டு. இருவரும் காண்பது ஒரே உண்மையைத்தான்: அளந்து எடுத்த அசைவும் கற்பித்து வரைந்த அசைவும் வெவ்வேறு இயல்பின.

இம்முறை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. போர்க்காலத்துச் சாங்காய் நகரில் வான் லாய்மிங், வான் குச்சான் என்னும் உடன்பிறந்தோர் 1941-இல் 'இரும்பு விசிறி இளவரசி' என்ற முழுநீளச் சித்திரப்படத்தை உருவாக்கினர். சீனாவின் முதல் முழுநீளச் சித்திரப்படம் அதுவே. பொருளும் காலமும் அரிதாயிருந்த நிலையில், நடிகர்களைப் படம் பிடித்து அதன் மேல் கோடிடும் முறை அவர்களுக்குப் பெரிதும் துணை செய்தது. அப்படத்தின் கதை, புத்த நூல்களை நாடி மேற்றிசை நோக்கிச் செல்லும் துறவியைப் பற்றிய பழங்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அத்துறவிக்கு மூலமாக அமைந்தவர், ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்து காஞ்சிபுரத்தையும் கண்டு சென்ற சுவான்சாங் என்று அறியும்போது, அந்தத் தொலைநாட்டுப் படமும் நமக்கு உறவாகிவிடுகிறது.

சோவியத் நாட்டில் இம்முறைக்கு 'எக்ளேர்' என்ற பெயர் வழங்கிற்று. அது அவர்கள் பயன்படுத்திய படக்கருவியின் பெயர். 1940-களிலும் 1950-களிலும் அங்கு எடுக்கப்பட்ட தேவதைக் கதைப் படங்கள் பலவற்றில் இம்முறை ஆட்சி செலுத்திற்று. பிறகு, அது கற்பனையைக் கட்டிப்போடுகிறது என்ற எண்ணம் சித்திரக்காரர்களிடையே வலுப்பெற, மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. ஒருவருக்கு ஊன்றுகோலாய் இருந்தது மற்றொருவருக்குத் தளையாயிற்று.

படச்சுருளின் இடத்திற்கு வீடியோ நாடா வந்தபோது இக்கலைக்குப் புதிய வாயில்கள் திறந்தன. 1985-இல் ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர், ஓடியும் தாவியும் சுவரேறியும் காட்டுமாறு தம் தம்பி டேவிடைக் கேட்டு, அதை வீடியோவில் பதிவு செய்தார். திரையில் ஓடிய காட்சியைச் சட்டம் சட்டமாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து, மையாலும் வெள்ளைப் பூச்சாலும் உருவத்தின் வரம்பைத் தெளிவாக்கி, கணினிக்குள் ஏற்றினார். 1989-இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்னும் கணினி விளையாட்டில் ஓடும் இளவரசன் அந்தத் தம்பிதான். எழுபதாண்டுகளுக்கு முன் ஃபிளெய்ஷர் குடும்பத்தில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. அண்ணன் கோடிட, தம்பி துள்ளினான்.

2001-இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கிய 'வேக்கிங் லைஃப்' படம், கைக்கடக்கமான வீடியோ கேமராவால் எடுக்கப்பட்டு, பாப் சபிஸ்டன் உருவாக்கிய கணினி நிரலின் துணையால் முழுவதும் மேல்கோடிடப்பட்டது. இரண்டு சட்டங்களில் வரைந்த கோடுகளுக்கு இடைப்பட்ட கோடுகளைக் கணினியே நிரப்பித் தரும். பணியாற்றிய சித்திரக்காரர்கள் பலர்; ஒவ்வொருவர் வரைந்த பகுதியும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது. ஒருவர் கோடு நடுங்குகிறது. மற்றொருவர் கோடு வழிகிறது. மேல்கோடிடுதல் வெறும் நகலாக இருந்திருக்குமானால், எல்லாரும் ஒன்றுபோலவே வரைந்திருக்க வேண்டும் அன்றோ? நம் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை தேவையில்லை. 2017-இல் போலந்தில் உருவான 'லவிங் வின்சென்ட்' படத்திற்கோ, நடிகர்களைப் படம் பிடித்தபின், நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர்கள் ஏறத்தாழ 65,000 சட்டங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினர்.

இன்று இம்முயற்சிக்குப் பெரிய நிலையம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியில் பத்து வினாடி வீடியோ எடுத்தால் போதும். வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் என்று கொண்டு, ஒரு சட்டம் விட்டு ஒரு சட்டம் கோடிட்டால் 120 சித்திரங்கள் ஆகும். கேமராவை அசையாமல் நிறுத்துவதும், ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரே இடத்தில் குறியிட்டுக்கொள்வதும், முதலில் உடலின் வரம்பை எல்லாத் தாள்களிலும் முடித்துவிட்டுப் பின்னர் முகத்திற்கு வருவதும் நல்ல பழக்கங்கள். பாட்டி கோலமிடுவதையோ, குழந்தை முதன்முதலாக நடப்பதையோ எடுத்துக்கொள்ளலாம். நூற்றிருபதாவது தாளை முடிக்கும்போது, அந்த நடையை வாழ்நாளில் முன்பு ஒருபோதும் பார்த்ததில்லை என்று தோன்றும். பார்ப்பது வேறு, கோடிட்டுப் பார்ப்பது வேறு.

இறுதியாக, நம் வீட்டு வாயிலருகே உள்ள செய்தி ஒன்று. திரைப்படங்களில் நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து வேறு காட்சியில் பொருத்துவதற்கு, அவருடைய வரம்பைச் சட்டந்தோறும் கோடிடவேண்டியிருக்கிறது. இதனையும் 'ரோட்டோ' என்றே அழைக்கின்றனர். உலகத்தின் பெரிய படங்கள் பலவற்றிற்கு இவ்வேலை மும்பை, ஐதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் நடைபெறுகிறது. அந்த அறைகளில் கணினியின் முன் அமர்ந்து, அயல்நாட்டு நடிகரின் தலைமயிரை இழை இழையாகக் கோடிடும் இளைஞர்களுள் ஊரை விட்டுப் பிழைக்க வந்த நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இங்கே கோடு திரையில் தெரியாமல் இருப்பதே வேலையின் வெற்றி. வரம்பைத் தானே கண்டறியும் கருவி ஒன்று 2010-இலேயே கணினி நிரல்களில் இடம்பெற்றது. அதற்குப் பின் வந்தவை மேலும் விரைவானவை. ஆகவே, "இந்த வேலை நாளை இருக்குமா?" என்ற கவலை அவர்களுக்கு இருப்பதில் வியப்பில்லை.

அக்கவலைக்கு வரலாறு முழு மருந்து தராது. ஆயினும் ஒன்றைச் சொல்கிறது. கோக்கோவுக்குப் பின்னால் ஒரு தம்பி இருந்தார். ஸ்னோ ஒயிட்டுக்குப் பின்னால் ஒரு சிறுமி இருந்தார். கெர்ட்டியின் மலைக்குப் பின்னால் ஓர் உதவியாளர் இருந்தார். அவர்களை நாம் இன்று அறிவது, யாரோ சிலர் தேடிப் பதிந்து வைத்ததனாலேயே. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நாம் பெரும்பாலும் எழுந்து போய்விடுகிறோம். இனி ஒருமுறையேனும் அமர்ந்திருந்து, அந்தச் சிறிய எழுத்துகளைக் கடைசி வரை படித்துப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த ஒரு பெயர் அதில் இருக்கலாம். இல்லாவிடின், இருந்திருக்க வேண்டிய ஒரு பெயர் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றலாம்.